கோமளா வெளிக்குப் போகப் பழகிய கதை

போன வாரம் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தபோது, பின்பக்கக் குழாயடியில் ஒரு சின்ன டீச்சர் துப்பட்டாவைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு பையன் அவள் மடியிலேயே வெளிக்குப் போய்விட்டானாம். "இதுக்குத்தான் படிச்சேனா மேடம்?" என்று கேட்டாள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. புதிதாக வந்திருக்கிற உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி இன்று கூப்பிட்டிருக்கிறார்கள். பதிலை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இதுக்குத்தான் படித்தோம்.

நான் வேலூரில் பயிற்சி முடித்துவிட்டு ஆரணிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். சொந்த ஊர் திருமலைப் பக்கம். ஆரணியில் எங்கள் வகுப்பு ஒரு அரிசி மண்டிக்குப் பின்னால் இருந்த நீள அறையில் நடந்தது. காலையில் கதவைத் திறந்தால் பாய், பலகை எல்லாவற்றின் மேலும் தவிடு படிந்திருக்கும். தெருவில் இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. ஊரில் எங்களை 'மந்தப் பள்ளிக்கூடம்' என்பார்கள். ஆட்டிசம் என்ற சொல்லை நானே பயிற்சியில் ஒரே ஒரு வகுப்பில்தான் கேட்டிருந்தேன். அங்கே அதைச் சொல்லியிருந்தால் மருந்துக்கடைக்காரர்கூட, அது மாத்திரையா டானிக்கா என்று கேட்டிருப்பார். இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தத் தவிட்டு வாசனைக்காகவே இன்னொரு முறை போய் அந்தக் கதவைத் திறக்கலாம் என்று சில காலைகளில் தோன்றும்.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் பச்சையம்மா தன் மகள் கோமளாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோமளாவுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. பேச்சு இல்லை. முகத்தைப் பார்க்க மாட்டாள். நூல் சுற்றும் காலிக் கட்டை ஒன்றைத் தரையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். அது நின்றால் மறுபடியும் சுழற்றுவாள். இவள் என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாய் என்று வழக்கம்போல அம்மாவைக் கேட்டேன். மற்ற அம்மாக்கள் எல்லாம் முதலில் பேச்சு என்பார்கள். பச்சையம்மா அப்படிச் சொல்லவில்லை.

"பேச்சு வரலைன்னா பரவால்லைங்க டீச்சர். என்னை அம்மான்னு கூப்பிடலைன்னாலும் பரவால்ல. ரெண்டுக்கு வந்தா ஒரு எடத்துல போவத் தெரிஞ்சா போதும். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவர்கள் இருந்தது பல குடித்தனங்கள் உள்ள வீடு. முன்னறையில் குழித்தறி போட்டு கோமளாவின் அப்பா கன்னியப்பன் பட்டுப் புடவை நெய்தார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழைகளான பாவு, பட்டு எல்லாம் முதலாளி கொடுப்பது. வீடு மாற்றுவது என்றால் தறியையும் மாற்ற வேண்டும். தறி என்ன கட்டிலா, தூக்கிக்கொண்டு போக? தரையில் ஆள் உட்காரும் அளவு குழி வெட்டி, மரம் நட்டு, மட்டம் பார்த்து இறக்குகிற சமாசாரம். தன் வீட்டுத் தரையை வெட்ட ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. இப்படி ஒரு பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு அந்த வீடும் கிடைக்காது.

வீட்டுக்காரம்மா மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, பூத்தட்டோடு அவர் வெளியே வந்தபோது வாசல்படியில் மிதித்துவிட்டார். பக்கத்துக் குடித்தனங்களும் தினம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்.

முதலில் படித்ததைத்தான் செய்தேன். சாப்பிட்டதும் அழைத்துப் போ, உட்கார வை, போனால் கொஞ்சு. வீட்டின் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ், அதற்குத் தகரக் கதவு. அதை இழுத்தால் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும். கோமளா காதைப் பொத்திக்கொண்டு பலகை மாதிரி விறைத்து நின்றுவிடுவாள். உட்கார வைக்க முடியாது. வெளியே கூட்டி வந்த கொஞ்ச நேரத்தில் தறிக்குப் பின்னால் இருக்கிற மூலையில் போய் உட்கார்ந்து முடித்துவிடுவாள். அங்கேதான் பாவு இழுத்துக் கட்டியிருக்கும். ஒருமுறை பாவின் ஓரத்தில் பட்டுவிட்டது. அன்று கன்னியப்பன் அடித்த அடியின் தடம் மறுநாள் வகுப்பில் அவள் தொடையில் தெரிந்தது. அவர் குடிக்கிறவர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் அடித்திருக்கிறார். அடித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று பச்சையம்மா சொன்னாள்.

எல்லோரும் திமிர் என்றார்கள். கக்கூஸில் நிற்க வைத்தால் போகாமல், வெளியே வந்து அப்பன் நெய்யும் இடத்தில் போனால் வேறென்ன என்று கேட்டார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் அவள் ஒரு நாளும் போனதில்லை. பரவாயில்லையே, இங்கே சுத்தமாக இருக்கிறாளே என்று கூட வேலை பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் வீட்டில் அடக்கத் தெரியாத பிள்ளை இங்கே காலை முதல் அடக்கிக்கொண்டு இருக்கிறது என்றால், அது நல்ல சேதியா? அமாவாசைக்கு மறுநாள் வந்தால் வயிறு கல் மாதிரி இருக்கும், மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். நெசவுக்காரர்கள் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

வேலூரில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு அம்மா கறாரானவர். ஒரு பிள்ளைக்கு இது வரவில்லை, அது வரவில்லை என்று நாங்கள் அடுக்கினால் பாதியிலேயே நிறுத்துவார். எப்போ வருது, அதைச் சொல்லு என்பார். அந்தக் கேள்வியோடு ஒரு நாள் சாயங்காலம் கோமளா வீட்டில் போய் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லித்தரப் போகவில்லை, சும்மா உட்கார்ந்தேன்.

பச்சையம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் நெய்துகொண்டிருந்தார். கோமளா கட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து மூலைக்குப் போய், சுவரில் ஒரு கையை வைத்து உட்கார்ந்தாள். பச்சையம்மா பதறி எழப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கன்னியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துப் பேசினார். கோமளா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அவர் பேசி முடித்து மறுபடி நெய்யத் தொடங்கினார். இவள் மறுபடி உட்கார்ந்தாள்.

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். "தறி நின்னா இவளுக்கும் நின்னு போவுது டீச்சர்" என்றாள், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

அவ்வளவுதான் விஷயம். வயிற்றில் இருந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் அது. தரை அதிரும், சுவர் அதிரும், அந்த அதிர்வில் அவள் உடம்பு இளகும். அந்த மூலையை அவள் கக்கூஸ் என்று நினைக்கவில்லை. அந்தச் சத்தம்தான் அவளுக்குக் கக்கூஸ். திமிர் என்று அடித்தது, பிடிவாதம் என்று திட்டியது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அர்த்தமில்லாமல் போயிற்று. கன்னியப்பனிடம் சொன்னபோது நம்பவில்லை. தறியை நிறுத்திப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், அடுத்த நாளும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நெய்தார்.

சத்தத்தைக் கக்கூஸுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் இடத்தை வெளியே நகர்த்தினோம். அந்த மூலைச் சுவருக்கு மறுபுறம் கொல்லை. அங்கே இரண்டு செங்கல் வைத்துச் சாம்பல் போட்டோம். கோமளா எழுந்ததும் பச்சையம்மா கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவாள். முதலில் திமிறிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு நாள் அவள் உள்ளங்கையை எடுத்துக் கொல்லைச் சுவரில் வைத்தோம். உள்ளே தறி ஓடுவது அந்தச் சுவரில் தெரியும். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பச்சையம்மா அழுதது எனக்கு ஞாபகமில்லை, நான் அழுதது ஞாபகமிருக்கிறது.

வீட்டுக்காரம்மாவிடம் போய் அவகாசம் கேட்டேன். ஆனி முடிகிற வரை பார்ப்பதாகச் சொன்னார். ஆடியில் தானும் காலி பண்ணச் சொல்ல முடியாது, அவர்களும் வீடு மாற முடியாது, அதற்குள் ஒரு வழி பண்ணு என்றார்.

வழி பண்ணிவிட்டோம் என்று நினைத்திருந்தபோது தறி நின்றுபோயிற்று. ஏற்றியிருந்த பாவு முடிந்து புடவையை அறுத்துக் கொடுத்தாயிற்று. அடுத்த பாவுக்குப் பட்டு வரவில்லை, பொறுத்திரு என்று முதலாளி சொல்லிவிட்டார். நெசவுக்காரர்களுக்கு அது வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் சத்தம் நின்றதும் கோமளா அடக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எட்டியும் பிரயோஜனமில்லை, சுவர் அதிர வேண்டுமே. வயிறு உப்பியது. சாப்பாட்டைத் தள்ளினாள். விளக்கெண்ணெய் கொடுத்தும் கேட்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, காலை வரைக்கும் பாருங்கள், இல்லாவிட்டால் எனிமா கொடுக்க வேண்டியதுதான் என்றார். ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டிவரும் என்றும் சொன்னார். கோமளாவைப் பிடித்து அமுக்கி அப்படிச் செய்தால், பிறகு ஜென்மத்துக்கும் யாரும் அவளை உட்கார வைக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் நான் போனபோது முள்ளிப்பட்டிலிருந்து கன்னியப்பனின் அண்ணன் வந்திருந்தார். இது மாந்தம், வயிற்றில் சூடு போட்டால் இறங்கிவிடும் என்று சொல்லி அடுப்பு மூட்டச் சொல்லியிருந்தார். மஞ்சள் கொம்பு ஒன்று தயாராக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன் சட்டையைத் தூக்கி, சின்ன வயதில் தனக்குப் போட்ட தழும்பைக் காட்டினார். இதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன் என்று நம்பினார். கோமளா பாயில் சுருண்டு கிடந்தாள். பச்சையம்மா என் முகத்தையே பார்த்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். ஒரு பக்கம் டாக்டர் சொன்னது, ஒரு பக்கம் பெரியவர் சொல்வது, நடுவில் பிள்ளை. உங்கள் கையில் இருப்பது ஒரு ஊகம் மட்டும்தான். சூடு தப்பு என்று அன்று நான் பாடம் நடத்தியிருந்தால் அவர் என்னை வெளியே அனுப்பியிருப்பார். நான் கன்னியப்பனிடம் போய், தறியில் உட்கார்ந்து ஓட்டுங்கள் என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். "பாவு இல்லாத தறியை ஆட்டக் கூடாதுங்க. வெறுந்தொட்டில ஆட்ற மாதிரி அது. எங்கப்பா காலத்துலருந்து யாரும் பண்ணதில்ல" என்றார். ஆகவே ஆகாது என்று அண்ணனும் சொன்னார். முதலாளிக்குத் தெரிந்தால் அடுத்த பாவே தரமாட்டார் என்றார்.

நான் சொன்னேன்: "இதனால போய்டும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா சூடு போட்டா அந்தத் தழும்பு போவாது. தறிய ஆட்டினது தப்புன்னா, நாளைக்கு ஒரு கற்பூரம் ஏத்தி மன்னிப்பு கேட்டுக்கலாம்."

கன்னியப்பன் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போய்க் குழியில் இறங்கினார். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நூல் கொண்டோடும் நாடாவை ஓட்டி, இழையை நெருக்கும் பலகையை அடித்தார்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. இழைகள் இல்லாததால் மரத்தில் மரம் மோதி, கரடுமுரடாகக் கேட்டது. கோமளா தலையைத் தூக்கினாள், எழவில்லை. கன்னியப்பன் நிறுத்தினார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து, பலகை வந்து மோதும் இடத்தில் வைத்துக் கட்டினார். மறுபடி அடித்தார். இப்போது புடவையில் விழுகிற அடி மாதிரியே மெத்தென்று விழுந்தது. மெதுவாகத் தொடங்கி, அவருடைய வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

கோமளா எழுந்தாள். நடக்கச் சிரமப்பட்டாள். மூலைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானே கொல்லைப் பக்கம் திரும்பினாள். பச்சையம்மா கூடப் போனாள். நாங்கள் உள்ளேயே நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். நாங்கள் நயினார் வீடு, சமணர்கள், விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டோம். அன்று எனக்குச் சாப்பாடு இல்லை, பசியும் தெரியவில்லை. கன்னியப்பன் ஒன்றும் இல்லாத தறியில் நெய்துகொண்டே இருந்தார். கொல்லையிலிருந்து பச்சையம்மா, ஆச்சு என்று குரல் கொடுத்தாள். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டும் நிறுத்தவில்லை. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிதானமான வேலை. தறியையே நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. தறி ஓடும்போதே பச்சையம்மா வெளியிலிருந்து மர அகப்பையால் சுவரில் அதே தாளத்தில் தட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அகப்பை மட்டும் போதும் என்றாயிற்று. செங்கல்லைக் கக்கூஸ் பக்கம் நகர்த்தினோம். தகரக் கதவைக் கழற்றிக் கோணி கட்ட வீட்டுக்காரம்மா சம்மதித்தார். மழைக்காலத்தில் எல்லாம் கெட்டது, மறுபடி முதலிலிருந்து வந்தோம். ஒரு மத்தியானம் பச்சையம்மா மண்ணெண்ணெய் வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டாள். பதறிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், வீட்டுக்காரம்மா கொல்லையில் நின்று அகப்பையால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "ஜல்தியா வரக் கூடாதா, கையே போச்சு" என்று சொல்லி அகப்பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். அதற்குள் ஆடியும் ஆவணியும் எப்போதோ போயிருந்தன, காலி பண்ணுகிற பேச்சு வரவே இல்லை. அடுத்த வருஷம் கோமளா தன் தொடையில் தானே தட்டிக்கொண்டு போய் வரப் பழகிவிட்டாள். வகுப்பிலும் போனாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று மேற்பார்வைக்கு வந்த ஒருவர் சொன்னார். இருக்கலாம் சார் என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாப் பிள்ளைக்கும் சுவரைத் தட்டாதீர்கள். இன்னொரு பிள்ளைக்கு அது வெளிச்சமாக இருக்கும், காலுக்கடியில் குளிர்ச்சியாக இருக்கும், கதவாக இருக்கும். ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாமல் நான் விட்ட பிள்ளைகளும் உண்டு. பிள்ளை எதற்கு மறுக்கிறது என்று கேட்கிற பொறுமை மட்டும் இருக்கட்டும்.

ஏழெட்டு வருஷம் கழித்து, எண்பதுகள் முடிகிற சமயத்தில், பச்சையம்மாவின் தம்பிக்குச் செய்யாறில் கல்யாணம். அவன் அங்கே ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பகல் பந்தி என்பதால் எனக்கும் சௌகரியம். பச்சையம்மாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். கோமளா அம்மா பக்கத்தில் இருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள், இரட்டைச் சடை. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது எழுந்தாள். பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள், எழவில்லை. கோமளா பந்தியைச் சுற்றிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள். ரசம் வந்தது. பச்சையம்மாவின் கை இலையில் இருந்தது, கண் மட்டும் கதவில் இருந்தது. பாயசம் வரும்போது கோமளா திரும்பி வந்தாள், பாதம் இரண்டும் ஈரமாக, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினாள்.

கை கழுவுகிற இடத்தில் பச்சையம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கல்யாண வீட்டு மோர் எப்பிடி இருக்கும்னே மறந்து போச்சு டீச்சர். எங்க போனாலும் சாம்பார்லயே எழுந்து ஓடுவேன். இன்னிக்குத்தான் மோர் வரைக்கும் உக்காந்து சாப்ட்டேன்."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மோர்ல உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றாள்.